மாரியம்மன் எந்த வார்டு?

எந்த ஊரிலும் வரி கேட்டுப் போகிறவனுக்கு முதலில் தெரியவருவது, அந்த ஊரில் ஆண்பிள்ளைகளே கிடையாது என்பதுதான். அடுப்பு புகையும், வாசலில் செருப்பு கிடக்கும், உள்ளே யாரோ இருமுகிற சத்தம் கேட்கும். ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து "வீட்ல யாரும் இல்ல" என்று ஒரு குரல் வரும். அப்படியானால் இருமியது யார் என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஆடு என்பார்கள். (ஆடு இப்படியா இருமும் என்று சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் கேட்டேன். அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.)

நான் பஞ்சாயத்து கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்து, பஞ்சாயத்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். நடுவில் எத்தனையோ பிரசிடெண்டுகள் மாலையோடு வந்து மாலையில்லாமல் போனார்கள். எனக்கு மிஞ்சியது சைக்கிள் மிதித்து வாங்கிய முதுகுவலியும், என்னை வைத்தே என் வீட்டில் சொல்லப்படும் ஒரு கதையும்தான். முதுகுவலிக்காவது தைலம் இருக்கிறது.

ஊர்ப் பெயர் வேண்டாம். தாடிக்கொம்பு போகிற ரோட்டில் இறங்கி, வண்டித்தடத்தில் நடந்தால் வரும். என் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்; காதுகுத்து, கல்யாணம் என்று நானும் போய்வர வேண்டியிருக்கிறது. கனகாம்பரமும் வெங்காயமும் விளைகிற ஊர். அறுபதுகளின் தொடக்கத்தில் அங்கே கரண்டு வந்தது. கரண்டோடு ஆற்றங்கரையில் ஒரு மோட்டார், ஊர் நடுவில் ஒரு தண்ணீர் டேங்கு, தெருவுக்கு ஒன்றாக நாலு குழாய், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெருவிளக்கு எல்லாம் வந்தன. ஊரே பட்டாசு வெடித்தது. கடைசியாக, எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த ஒரு தற்காலிக கிளார்க்கும் வந்தான். அதற்கு யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

என் வேலை சுலபம் என்றுதான் சொல்லிச் சேர்த்தார்கள். வீட்டுக்கு வீடு தண்ணீர் வரியும் விளக்கு வரியும் வசூலித்து, அதில் மோட்டாருக்கான கரண்டு பில்லைத் திண்டுக்கல்லில் போய்க் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால் மின்சார ஆபீசிலிருந்து ஆள் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் மோட்டார் ஓடாது, டேங்கு நிறையாது, குழாயில் காற்றுதான் வரும்.

வரி கேட்டால் ஊர்க்காரர்கள் இல்லை என்று சொல்லமாட்டார்கள். நியாயம் சொல்வார்கள்.

"தண்ணி ஆத்துல இருந்துதான வருது? ஆறு என்ன பஞ்சாயத்து வெட்டுனதா?" என்றார் ஒருவர்.

"வெளக்கு எங்க வீட்டுக்கு முன்னாடியா இருக்கு? பக்கத்து வீட்டுக்கு முன்னாடி இருக்கு. அவன்கிட்ட வாங்குங்க," என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரரோ அந்த விளக்கால் தன் மாடு தூங்கமாட்டேன் என்கிறது, பஞ்சாயத்துதான் தனக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்றார்.

நடுத்தெருவில் ஒரு அம்மாள் இன்னும் நுட்பமாகப் பேசினார். "குழாத் தண்ணியில பருப்பு வேகமாட்டேங்குது தம்பி, வெஞ்சனமும் ருசிப்படல. நான் பழையபடி கெணத்துக்கே போகலாம்னு இருக்கேன்." இதைச் சொல்லும்போது அவர் இடுப்பில் குழாய்த் தண்ணீர்க் குடம் இருந்தது.

இப்படியே மாசி போனது. பங்குனி பிறந்ததும் மின்சார ஆபீஸ் நோட்டீஸ் வந்தது. பாக்கியைக் கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு பிரசிடெண்டிடம் போனேன். பிரசிடெண்ட் ரெங்கசாமி, என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்கு மாமா. யார் என்ன கேட்டாலும் "செய்வோம்" என்பார். அதற்கு மேல் எதையும் செய்து அவரை யாரும் பார்த்ததில்லை.

"செய்வோம் மாப்ள," என்றார் நோட்டீஸைப் படிக்காமலே. "நீ படிச்ச புள்ள. நீயே ஒரு வழி பாரு. சித்திரைக்குள்ள உன் வேலைய நெரந்தரம் பண்ணச் சொல்லி எழுதணும்ல? அதுக்கும் இது நல்லதுதான்."

வழி பார்த்தேன். அங்கேதான் ஆரம்பித்தது.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குத் திருவிழா சாட்டுவார்கள். அதற்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. அதை வசூலிப்பவர் நாட்டாமை பெரியகருப்பன். அவரிடம் நோட்டீஸ் கிடையாது, ரசீது கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. கோயில் வேப்பமரத்தடியில் ஒரு துண்டை விரித்து உட்காருவார். கொட்டு ஒரு தடவை அடிக்கும். அவ்வளவுதான், ஊர் திரண்டு வந்துவிடும். வருஷம் பூராவும் எனக்காக வீட்டில் இல்லாமல் போன அத்தனை ஆண்பிள்ளைகளும் அங்கே வரிசையில் நிற்பார்கள். முதல் ஆளாக, ஆடு இருமிய வீட்டுக்காரர்.

வரி கட்டாத வீட்டு முளைப்பாரியை ஊர்வலத்தில் சேர்க்கமாட்டார்கள். கோயிலில் திருநீறு கிடையாது. ஊர்க் கணக்கில் அந்த வீடு ஒரு தலைக்கட்டே இல்லை. தெருவிளக்கு இல்லாமல் இருந்துவிடலாம். தலைக்கட்டாக இல்லாமல் எப்படி இருப்பது?

அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. (எனக்கு வாழ்க்கையில் பளிச்சென்று வந்த யோசனைகள் எல்லாமே பிறகு மெமோவாகத்தான் முடிந்திருக்கின்றன.) தண்ணீர் வரியையும் கோயில் வரியோடு சேர்த்து வசூலித்தால் என்ன?

நாட்டாமையிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று துப்பினார். பிறகு நிதானமாக, "ஆத்தா பேரச் சொல்லி வாங்குனா ஆத்தா முறப்படிதான் எல்லாம் நடக்கணும். சம்மதமாப்பு?" என்றார்.

முறை என்றால் என்ன முறை என்று நான் கேட்டிருக்க வேண்டும். "சம்மதங்கய்யா," என்றேன். பிரசிடெண்ட் மாமாவும் "செய்வோம்" என்றார்.

ஒரே காலையில் வசூல் முடிந்தது. நான் ஒரு புது ரசீதுப் புத்தகத்தோடு நாட்டாமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் வந்தவரிடம் பெயர் கேட்டு எழுதப்போனேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஆத்தாகிட்டப் போய் ரசீது கேக்குறதாப்பு? குடுத்தது அவளுக்குத் தெரியாதா?"

பின்னால் நின்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டேன். நாட்டாமை எல்லோருக்கும் திருநீறு கொடுத்தார். அதுவே ரசீது. ஆபீசுக்கு வந்து வரவில் எழுத வேண்டுமே, யார் பெயரில் எழுதுவது என்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு என் அழகான கையெழுத்தில் "தண்ணீர் வரி, மாரியம்மன் மூலம் வரவு" என்று ஒரே வரியில் முடித்தேன்.

மறுநாள் திண்டுக்கல் போய் பில்லைக் கட்டினேன். கவுண்டரில் இருந்தவர் காசை எண்ணிவிட்டு விரலைப் பார்த்தார். "என்னப்பா, காசெல்லாம் திருநீறா இருக்கு?" என்றார். "எங்க ஊர்ல திருவிழா சார்," என்று பெருமையாகச் சொன்னேன். பிறகு ஹோட்டலில் மசால் தோசை சாப்பிட்டேன். நாடு பூராவும் வரி வசூலாகாமல் சர்க்கார் திண்டாடுகிறதே, என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

விடிந்ததும் கோயில் தெருக் குழாயடியில் ஒரே கூட்டம். போய்ப் பார்த்தால் குழாய்க்குச் சந்தனம், குங்குமம், கனகாம்பர மாலை. (பூவுக்குத்தான் எங்கள் ஊரில் பஞ்சமில்லையே.) கழுத்தில் மஞ்சள் துணி, அதில் வேப்பிலை. செருப்புகளைத் தள்ளி விட்டிருந்தார்கள். தண்ணீர் வருகிற நேரம் தாண்டிவிட்டது. பெண்கள் குடத்தோடு நிற்கிறார்கள். யாரும் குழாயைத் திறக்கவில்லை.

"ஏன் யாரும் புடிக்கல?" என்றேன்.

"மொதக் கொடம் யாருக்குன்னு நாட்டாம வந்து சொல்லணும்ல?" என்றார்கள்.

ஆத்தா முறை என்பது இதுதான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. எங்கள் கோயிலில் முதல் மரியாதை நாட்டாமை வீட்டுக்கு. அதில் சண்டை இல்லை. இரண்டாம் மரியாதை யாருக்கு என்பதில் பெரியவீட்டுக்காரர்களுக்கும் தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கும் அவர்களுடைய தாத்தா காலத்திலிருந்து சண்டை. அது வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவில் மட்டும் வரும். போலீஸும் அதற்குத் தயாராக இருக்கும். அந்தச் சண்டையை நான் காலையும் மாலையும் குழாயடிக்குக் கொண்டுவந்து விட்டிருந்தேன்.

நாட்டாமை வீட்டுக் குடம் முதலில் நிறைந்தது. அடுத்த குடத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் நீட்டினார்கள். அதுவரை குழாயடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆண்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். யார் பாட்டன் தேருக்கு முதலில் வடம் பிடித்தான் என்று பேச்சுப் போனது. திறந்த குழாயை யாரும் மூடவில்லை. மூடுவதும் ஒரு மரியாதையாம், அதற்கும் உரிமை யாருக்கு என்று முடிவாகவில்லை. தண்ணீர் சாக்கடையில் போய்க்கொண்டே இருந்தது. நான் காசு கட்டி வாங்கிய கரண்டில் ஏறிய தண்ணீர்.

நாட்டாமையின் மனைவி பேச்சியம்மாள் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். "மரியாதைய அப்பறமாப் பிரிச்சுக்கங்க. செத்த நேரம் வழி விட்டீகன்னா நாங்க சோத்த வடிச்சுருவோம்," என்றார். அவருடைய புருஷனே கேட்கவில்லை, மற்றவர்கள் எங்கே கேட்பார்கள்?

மற்ற இரண்டு தெருக் குழாயிலும் இதே கூத்துதான். மோட்டார் போடுகிற வீரணன் கையில் காப்புக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மோட்டார் ரூமுக்குப் போக ஆரம்பித்தான். கற்பூரம் காட்டாமல் சுவிட்சைத் தொடமாட்டேன் என்றான். கற்பூரச் செலவை இதர செலவில் சேர்க்கலாமா என்று என்னிடம் கேட்டான். சேர்க்கலாமா என்று நானும் யோசித்தேன், அதுதான் கொடுமை.

இதுவரைக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். இதற்கு மேல்தான் எனக்குச் சொல்ல அலுப்பாக இருக்கும்.

நாலாவது குழாய் கீழத்தெருவில் இருந்தது. ஓடைக்கு அந்தப் பக்கம். அந்தத் தெருக்காரர்களுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க உரிமை கிடையாது, கோயிலுக்குள் வர வழி கிடையாது. சட்டம் வேறு மாதிரி சொன்னது. ஆனால் சட்டம் எங்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸைத் தவறவிட்டிருந்தது. கீழத்தெருவிலும் ஒரு குழாய் போட்டால்தான் திட்டத்துக்கே அனுமதி என்று மேலே சொல்லிவிட்டதால் வந்த குழாய் அது. அதற்கு முன் அவர்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடித்தார்கள். அந்தத் தெருவுக்கு நான் ஒரு நாளும் வரி கேட்டுப் போனதில்லை. ஓடையைத் தாண்டி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகச் சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

கோயில் தலைக்கட்டில் அவர்கள் இல்லை. அதனால் வேப்பமரத்தடியில் அவர்களிடம் யாரும் வரி கேட்கவும் இல்லை. திருவிழாவுக்கு நடுவில் ஒரு நாள் நாட்டாமை வீரணனைக் கூப்பிட்டு, "வரி கட்டாத தெருவுக்கு எதுக்குடா தண்ணி?" என்றார். வீரணன் போய்க் கீழத்தெரு வால்வை அடைத்துவிட்டு, சாவியைக் கொண்டுவந்து ஆபீஸ் ஆணியில் மாட்டினான்.

மறுநாள் மூக்கம்மா ஆபீசுக்கு வந்தார். பூப் பறிக்கவும் வெங்காயம் அறுக்கவும் போகிறவர், கீழத்தெரு. (இப்போது 'வந்தார்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு என் அம்மா வயதுள்ள அவரை நான் 'நீ' என்றேன். அவர் என்னை 'அய்யா' என்றார். இரண்டு பேருக்கும் அது பழக்கமாக இருந்தது.) வாசற்படிக்கு வெளியே நின்றார். அவருக்குப் பின்னால் அந்தத் தெருப் பெண்கள்.

"கிளார்க்கய்யா, எங்க குழாயில தண்ணி வரல."

"வரி கட்டாத தெருவுக்கு அடைச்சிருக்கு."

"எங்கள யாரு கேட்டா?"

நான் நோட்டுகளை அடுக்கினேன்.

"கோயில்ல வச்சு வாங்குனீகளாம். கோயிலுக்குள்ள எங்கள விடமாட்டீக. வரி கட்டலைன்னா தண்ணியும் விடமாட்டீக. அப்ப நாங்க எங்கிட்டுப் போறது?"

பிரசிடெண்ட் மாமா உள்ளேயிருந்து "செய்வோம்" என்றார். எனக்கு அவரோடு இருக்கப் பிடிக்காமல் நாட்டாமையிடம் போனேன்.

அவர் கோபப்படவே இல்லை. "அவுககிட்ட கோயில் வரி வாங்குற வழக்கம் கெடையாதப்பு. இன்னைக்கு வாங்குனா நாளைக்கு மொளப்பாரி தூக்கிட்டு வருவாக," என்றார்.

"அது கோயில் வரி இல்லீங்கய்யா, தண்ணி வரி."

"ரெண்டும் ஒண்ணுன்னு எங்கிட்ட வந்து சொன்னது நீதான?"

 பஞ்சாயத்துத் தண்ணீரை நானே கொண்டுபோய் கோயிலுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன். அதுவும் அவர்கள் நுழைய முடியாத கோயிலில்.

திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு, "நாட்டாமை வாங்கமாட்டேங்குறாரு," என்றேன்.

 "நீங்க பூசாரியா, பஞ்சாயத்து கிளார்க்கா?" என்றார் மூக்கம்மா.

"கிளார்க்குதான்."

"அப்ப நீங்க வாங்குங்க. ரசீது போடுங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்தார். தெரு முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குச் சட்டத்தில் இடமில்லை. வேறு எதிலும் இருந்த மாதிரியும் தெரியவில்லை. பைக்குள் மூடி வைத்த புதுப் புத்தகத்தை எடுத்தேன். முதல் தாள், ஒண்ணாம் நம்பர், மூக்கம்மா பெயருக்கு. அதற்குப் பின்னால் அந்தத் தெருவில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள்.

ரசீது போனது, தண்ணீர் போகவில்லை. "நாட்டாம சொல்லாமத் தொறந்தா ஆத்தா கண்ணக் குத்திரும்," என்று வீரணன் நகர்ந்துவிட்டான். வால்வுச் சாவி என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில்தான் தொங்கியது. நான் எழுந்து எடுத்திருக்கலாம். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை, நாட்டாமையின் சம்பந்தி யூனியனில் மெம்பர், வால்வு திருக எனக்குத் தெரியாது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. பங்குனி வெயிலில் கீழத்தெருப் பெண்கள் ரசீதை வீட்டில் வைத்துவிட்டு ஆற்றுக்கு ஊற்றுத் தோண்டப் போனார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஓடைப் பக்கம் குடம் போவது தெரியும். நான் ஜன்னலைச் சாத்திவைத்தேன். இந்த இடத்தை நகைச்சுவையாக எழுத எனக்கு இதுவரை கைவரவில்லை.

காப்பாற்றியது ஒரு மொட்டைப் பெட்டிஷன். இரண்டாம் குடம் கிடைக்காத வயிற்றெரிச்சலில் தோட்டத்து வீட்டுக்காரர்கள்தான் போட்டிருப்பார்கள். 'கிளார்க் குழாயில் பூசை செய்து பணம் பண்ணுகிறார்' என்று யாரோ யூனியன் ஆபீசுக்கு எழுதிப்போட, விசாரிக்க ஒரு அதிகாரி வந்து சேர்ந்தார். வயிற்றுப்புண் உள்ள மனிதர். மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, வரவு நோட்டைப் புரட்டினார். வாசலில் ஊரே நின்றது. ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இந்த மாரியம்மன் யாருப்பா? எந்த வார்டு?"

நான் எட்டி அந்த வரியைப் பார்த்தேன்.

"ஊர் வரி மொத்தத்தையும் ஒரே அம்மா கட்டியிருக்காங்களே. அவ்வளவு வசதியா?"

"சார், அது... கோயில் சார்."

"கோயிலா?" கண்ணாடியைக் கழற்றினார். "கோயிலுக்கு வரி விலக்கு இருக்கே. அது எதுக்குத் தண்ணி வரி கட்டுது? குடம் எடுத்துட்டு வருதா?"

வாசலில் கொல்லென்று சிரிப்பு. நாட்டாமையைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். பிரசிடெண்ட் மாமாவும் சிரித்தார், அவர் கையெழுத்து அதற்குக் கீழேயே இருந்தும்கூட.

நடந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது இன்னும் அசட்டுத்தனமாகத் தெரிந்தது. அதிகாரி ரசீதுப் புத்தகத்தைக் கேட்டார். அடித்தாள்களைப் புரட்டினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அலுத்துப்போன குரலில் சொன்னார்.

"ரசீதுப்படி இந்த ஊர்ல தண்ணி வரி கட்டுனது கீழத்தெரு மட்டுந்தான். மத்தவங்க கோயிலுக்கு நன்கொடை குடுத்திருக்கீங்க. நல்ல காரியம். ஆனா அதுக்குக் குழாய்ல தண்ணி கிடையாது. இல்ல, நாங்க குடுத்தது வரிதான்னு சொன்னா, ஆளுக்கொரு ரசீது வாங்கிக்கங்க. காசு மறுபடி வேண்டாம். ரசீது வாங்குற வரைக்கும் மூணு குழாயையும் அடைச்சு வைங்க. அந்த வால்வு எங்க இருக்கு?"

வீரணன் கூட்டத்தில் காணாமல் போயிருந்தான். சாவியை நான்தான் எடுக்க வேண்டியதாயிற்று. கீழத்தெரு வால்வுக் குழிக்குள் இறங்கி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டித் திருகினேன், தப்பான பக்கமாக. வால்வு உறுமியது. மறுபக்கம் திருகியதும் குழாய் மூட்டு விலகி என் முகத்தில் பீச்சியடித்தது. கண்ணாடி போனது, தலையில் வைத்திருந்த எண்ணெய்கூடப் போனது. குழியில் சேற்றோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கப் போய், வழுக்கி மறுபடி உட்கார்ந்தேன். மேலே மூக்கம்மா குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க குளிச்சது போதும் கிளார்க்கய்யா. கொடத்துக்கும் கொஞ்சம் விடுங்க," என்றார்.

கீழத்தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது. ஒருவழியாக மூட்டை இறுக்கினோம். அவர்கள் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அதிகாரி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

அன்று மாலை நாட்டாமை ஆபீசுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல், "எனக்கு ரசீது போடு. ஒண்ணாம் நம்பர்," என்றார்.

"அது போயிருச்சுங்கய்யா."

"யாருக்கு?"

அவருக்கே தெரியும். 

"புதுப் புத்தகம் எடு."

"யூனியன்ல இருந்து வரணும். ஆடி ஆயிரும்."

அவர் போய்விட்டார். அவர் வாங்காத ரசீதை ஊரில் வேறு யார் வாங்குவார்கள்? மூன்று தெருவும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது. அதாவது ஆண்கள் பல்லைக் கடித்தார்கள். பெண்கள் பழைய கிணற்றுக்கு நடந்தார்கள். கிணற்றின் அடியில் கிடந்தது உப்புத் தண்ணீர். கயிறு போட்டு இறைத்துக் கை காய்த்துப்போனது. குழாய்க் கழுத்தில் கனகாம்பரம் வாடித் தொங்கியது.

கடைசியில் ஒரு காலை, பேச்சியம்மாள் காலிக்குடத்தோடு நேராக ஆபீசுக்குள் வந்தார். பின்னால் மூன்று தெருப் பெண்களும்.

"எம் புருசன் பேருக்கு ஒரு ரசீது எழுது."

"அத்தை, நம்பர் கீழத்தெருவுக்கு அடுத்து..."

"எதுவா இருந்தா எனக்கென்ன? நம்பரையா குடிக்கப் போறேன்?"

எழுதிக்கொடுத்தேன். கீழத்தெருவின் கடைசி வீட்டுக்கு அடுத்த எண், நாட்டாமை பெரியகருப்பன் பெயருக்கு. அந்தக் காகிதத்தை அவர் கடைசிவரை கையால் தொடவில்லை என்று கேள்வி. ஆனால் அதன் பலத்தில் வந்த தண்ணீரைக் குடித்தார். வீரணன் காப்பை அவிழ்த்துப்போட்டு மறுபடி செருப்புப் போட்டுக்கொண்டான். ஆண்கள் குழாயடியிலிருந்து காணாமல் போனார்கள். அடுத்த தடவை வரி கேட்டுப் போனபோது வீடுகளிலிருந்தும் காணாமல் போனார்கள்.

எனக்கு மெமோ வந்தது. வேலை நிரந்தரமாக இன்னொரு வருஷம் ஆயிற்று. மாரியம்மன் பெயரைச் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். சாமியை அடித்தவன் என்று அதற்கும் ஊரில் ஒரு பேச்சு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புது ரசீதுப் புத்தகம் வந்த செய்தி எப்படித்தான் ஓடையைத் தாண்டுமோ, மறுநாள் ஆபீஸ் திறக்கும்போது மூக்கம்மா வாசலில் நிற்பார். "ஒண்ணாம் நம்பர் இருக்குல்ல?" என்பார். இருக்கிறது என்பேன். நாட்டாமை வீட்டில் ஒரு வருஷம் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். மூக்கம்மா அதற்கும் முன்னால் வந்திருந்தார். சில வருஷம் கழித்து வாசற்படிக்கு உள்ளே வந்து நின்று கேட்டார். நானும் ஒரு நாள் "உட்காருங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அத்தனை வருஷம் பிடித்தது. கோயில் தலைக்கட்டில் அவர்கள் தெருவைச் சேர்த்ததை மட்டும் நான் ஓய்வு பெறுகிறவரை பார்க்கவில்லை.

இப்போது திண்டுக்கல்லில் இருக்கிறோம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிறபோதுதான் வரும். வரும் சத்தம் கேட்டதும் என் மனைவி குடத்தை எடுத்துக்கொண்டு, நான் எந்த அறையில் இருந்தாலும் கேட்கிற மாதிரி, "மாரியம்மன் எந்த வார்டுங்க?" என்பாள். வீடே சிரிக்கும். மாப்பிள்ளை, சம்பந்தி எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். நடுவில் கீழத்தெருவை விட்டுவிட்டு, அதிகாரி கண்ணாடியைக் கழற்றுகிற இடத்தோடு சிரித்து முடித்துக்கொள்வார்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் இன்னும் ஒரு கேள்வி கற்றுக்கொடுத்திருக்கிறேன். முதல் குடம் நிறைந்ததும் "ஒண்ணாம் நம்பர் யாருக்கு?" என்பேன். "மூக்கம்மாவுக்கு" என்று கோரஸாகக் கத்திவிட்டு விளையாடப் போய்விடுவார்கள். மூக்கம்மா யாரென்று கேட்டால் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.